இட்லி மாவுக் கப்பலும் உருகிய பிளக்கும்

போன வாரம் தோழி ஒருத்தி போன் செய்தாள். "உங்ககிட்ட இருக்கிற அந்தக் கம்ப்ரஸர் கூல்பாக்ஸ் 199 பவுண்டுக்கு இறங்கியிருக்குடி. வாங்கலாமா? ஜூலையில நாங்களும் கார்ல டென்ட் எடுத்துக்கிட்டு பிரான்ஸுக்குப் போகலாம்னு இருக்கோம்."

அவள் கேட்ட நேரம் சரியில்லை. அதே பெட்டிக்காக, அதாவது கார் கரண்டில் ஓடும் சின்ன ஃபிரிட்ஜுக்காக, காரில் புது வயர் இழுக்க அன்று காலைதான் 140 பவுண்டு கொடுத்துவிட்டு வந்திருந்தேன். "வாங்கவே வாங்காதே" என்று சொல்லி வைத்துவிட்டேன். பத்து நிமிஷம் கழித்து நானே கூப்பிட்டு, "இரு, நிதானமா எழுதி அனுப்புறேன்" என்றேன். அதுதான் இது. எந்த அளவுக்கு நிதானம் என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

எத்தனை லிட்டர், எத்தனை கிலோ என்பதெல்லாம் விளம்பரத்திலேயே இருக்கிறது. நான் 2022 மார்ச்சில் 289 பவுண்டு கொடுத்து வாங்கினேன். நாலு கோடை ஆகிவிட்டது. அதற்கு முன் எங்களிடம் இருந்தது கம்ப்ரஸர் இல்லாத விலை மலிவான வகை. அது வெளிச்சூட்டிலிருந்து 18, 20 டிகிரி குறைக்கும், அவ்வளவுதான். வெயிலில் நிற்கும் காரின் டிக்கியில் 38 டிகிரி இருந்தால் உள்ளே 18 டிகிரி. பால் கெட்டுப்போக அது போதும். கம்ப்ரஸர் பெட்டி அப்படியில்லை. வெளியே என்ன கொளுத்தினாலும் 3 என்று வைத்தால் 3தான். இந்த ஒன்றுக்காகத்தான் வாங்கினோம். இந்த ஒன்றில் அது என்னை ஒரு நாளும் ஏமாற்றவில்லை, கரண்ட் ஒழுங்காகக் கிடைக்கிற வரைக்கும்.

இங்கிலாந்திலிருந்து கப்பலில் காரை ஏற்றிக்கொண்டு போவதற்கு எல்லாரும் பெட்ரோல், டோல், தூரம் என்று கணக்குப் போடுவார்கள். டோவரிலிருந்து கலே ஒன்றரை மணி நேரம், நியூஹேவனிலிருந்து தியெப் நாலு மணி நேரம், போர்ட்ஸ்மத்திலிருந்து நார்மண்டிப் பக்கத்துக் கான் (Caen) பகலில் ஆறு மணி நேரம், இரவில் இன்னும் கொஞ்சம் கூடுதல். எங்கள் வீட்டில் கணக்கு வேறு. கார் நிற்கும் தளத்தைக் கப்பல் கிளம்பியதும் பூட்டிவிடுவார்கள். போய்ச் சேரும்வரை இறங்கிப் பார்க்க முடியாது. லாரிக் குளிரூட்டிகளுக்கு அங்கே கரண்ட் இணைப்பு உண்டு, காருக்குக் கிடையாது. அதனால் "எத்தனை மணி நேரம் பெட்டி அணைந்திருக்கும்" என்பதை வைத்துத்தான் நாங்கள் டிக்கெட்டே எடுக்கிறோம்.

அப்படி என்னதான் பெட்டிக்குள் என்றால், இட்லி மாவு. சிரிக்காதீர்கள். பிரெக்ஸிட்டுக்குப் பிறகு பிரிட்டனிலிருந்து இறைச்சி, பால், தயிர், சீஸ் எதையும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. காய்கறி, பழம், கீரைக்கும் சான்றிதழ் வேண்டும். கொத்துக் கறிவேப்பிலையும் பச்சை மிளகாயும்கூட அதில் அடக்கம். விதிவிலக்கு ஐந்தே பழங்களுக்கு: அன்னாசி, தேங்காய், டுரியான், வாழைப்பழம், பேரீச்சை. இந்தப் பட்டியலை முதல்முறை படித்தபோது நம் ஊர்க்காரர் யாரோ உட்கார்ந்து எழுதியதோ என்று தோன்றியது. தேங்காய் போகலாம், வாழைப்பழம் போகலாம், இனி என்ன வேண்டும்? அரிசியும் உளுந்தும் அரைத்த மாவுக்குத் தடையில்லை. பொடி, தொக்கு, வறுத்த ரவை எல்லாம் சாதாரணப் பையில். தயிருக்கு உறை மோர் கொண்டுபோக முடியாதே என்ற கவலையும் முதல் வருஷத்தோடு போயிற்று. நார்மண்டி கடையில் வாங்கும் சாதா யோகர்ட் ஒரு ஸ்பூன் ஊற்றினால் காலையில் கெட்டியாக உறைந்திருக்கிறது. வீட்டில் நான் உறை ஊற்றுவதைவிட நன்றாக. அதை இங்கே எழுதியிருக்க வேண்டாம்.

இனி அந்தப் பிளக்.

பெட்டியோடு வரும் கார் பிளக், பழைய சிகரெட் லைட்டர் ஓட்டையில் சொருகும் வகை. சிகரெட் பற்றவைப்பதற்காகப் போட்ட ஓட்டையில், பத்து விநாடி வேலைக்கு வந்த இடத்தில், பத்து மணி நேரம் ஒரு ஃபிரிட்ஜை ஓட்டச் சொல்கிறோம். அதைப் பிடித்துவைக்கப் பூட்டோ திருகோ கிடையாது. ஒரு ஸ்பிரிங் உள்ளிருந்து வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். 2022இல் தியெப்பிலிருந்து நூறு கிலோமீட்டர் போவதற்குள் ரோட்டின் அதிர்வில் அது அரை சென்டிமீட்டர் வெளியே வந்துவிட்டது. பார்த்தால் சொருகியிருப்பது போலவே இருக்கும். சாயங்காலம் டென்ட் அடித்துவிட்டுத் திறந்தால் திரை இருட்டு, துறைமுகச் சந்தையில் ஆசையாக வாங்கிய கானாங்கெளுத்தி மீன் வெதுவெதுப்பு. இவர் ஒன்றும் பேசாமல் மீனை எடுத்துக்கொண்டு போய்க் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தார். பேசியிருந்தால்கூடத் தேவலை.

சரி, பிளக்கை டேப் போட்டு ஒட்டினோம். அப்புறம் அடுத்த வம்பு ஆரம்பித்தது. கார் பேட்டரி அடியோடு இறங்கிவிடாமல் இருக்க, பெட்டியில் எச், எம், எல் என்று மூன்று காவல் நிலைகள் உண்டு. எச் என்றால் வோல்டேஜ் கொஞ்சம் குறைந்ததும் பெட்டி தானே அணைந்துவிடும். எல் என்றால் கடைசிச் சொட்டு வரை உறிஞ்சும். யோசனை நல்லதுதான். ஆனால் கம்பெனி கொடுத்த வயர் ஒல்லி. இன்ஜினை நிறுத்திவிட்டு நானே மீட்டர் வைத்துப் பார்த்தேன். பேட்டரி முனையில் 12.4 வோல்ட். அதே நொடியில், கம்ப்ரஸர் ஓடும்போது, பெட்டியின் திரையில் 11.3. ஒரு வோல்ட்டுக்கு மேல் வயரும் சாக்கெட்டும் சேர்ந்து தின்றுவிடுகின்றன. பெட்டி இதைப் பார்த்துப் பேட்டரி சாகப்போகிறது என்று பயந்து அணைகிறது. அணைந்ததும் இழுக்கும் சுமை போய்விடுவதால் வோல்டேஜ் ஏறுகிறது. உடனே தைரியம் வந்து மறுபடி கிளம்புகிறது. மறுபடி பயம். பெட்ரோல் பங்கில் சாப்பிட நிறுத்தும் அரை மணி நேரமும் இதே கூத்து.

இந்தத் தொல்லை வேண்டாம் என்று 2023இல் நான் எல்லில் வைத்தேன். நான்தான் வைத்தேன், ஒப்புக்கொள்கிறேன். போர்ட்ஸ்மத்திலிருந்து கானுக்கு இரவுக் கப்பல். வரிசையில் இரண்டு மணி நேரம், கப்பலில் ராத்திரி முழுக்க. இன்ஜினை அணைத்தாலும் எங்கள் காரின் அந்தச் சாக்கெட்டில் கரண்ட் வந்துகொண்டே இருக்கும் என்பது எனக்குத் தெரியும். பிளக்கைப் பிடுங்க மறந்ததுதான் தெரியவில்லை.

காலை ஆறே முக்காலுக்கு கானுக்கான உயிஸ்த்ரஹாம் துறைமுகம். கதவு திறந்து எல்லாரும் டீசல் வாடைக்குள் இறங்கிக் கார்களுக்குள் ஏறுகிறோம். முன்னால் இருந்த வண்டிகள் ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்குள் போகின்றன. இவர் ஸ்டார்ட் செய்தால் டிக் டிக் டிக். பின்னால் காரவான் இழுத்துக்கொண்டு நின்றவர் இரண்டு தடவை ஹாரன் அடித்தார். ஆரஞ்சு ஜாக்கெட் போட்ட கப்பல் ஊழியர் ஒருவர் கையில் ஜம்ப் ஸ்டார்ட் பெட்டியோடு நடந்து வந்தார். கூப்பிடக்கூட இல்லை, தானாகவே வந்தார். பானெட்டைத் திறக்கச் சொல்லிச் சைகை காட்டி, டிக்கியில் மினுக்கிய பெட்டியின் திரையைப் பார்த்துத் தலையை ஆட்டினாரே ஓர் ஆட்டு, எனக்கு எங்கள் பள்ளிக்கூடக் கணக்கு டீச்சர் ஞாபகம் வந்துவிட்டார்.

அதே நேரத்தில் பின்சீட்டிலிருந்து மகன் கத்தினான். "அம்மா, மாவு!"

இது அடுத்த சங்கதி. அந்த வருஷம் கிளம்பும் அவசரத்தில் மாவைப் புளிக்க விடவே நேரமில்லை. கிரைண்டரிலிருந்து அப்படியே எவர்சில்வர் தூக்கில் ஊற்றி, பெட்டியில் இடமில்லாததால் துண்டைச் சுற்றி அவன் காலடியில் வைத்திருந்தேன். ராத்திரி முழுக்க வெதுவெதுப்பான கார் தளம், ஏழெட்டு மணி நேரம். மாவு மூடியைத் தூக்கிக்கொண்டு விளிம்புக்கு மேலே வந்து நிற்கிறது. அசைத்தால் குமிழ் வெடிக்கிறது. லண்டன் குளிரில் ஓவனுக்குள் வைத்து, லைட் போட்டு, கம்பளி சுற்றி நான் இத்தனை வருஷம் கொண்டுவர முடியாத பதம். வண்டி செத்துக் கிடக்கிறது, பின்னால் ஹாரன், நான் மாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். இவர் பார்த்த பார்வையை விட்டுவிடுவோம்.

பாஸ்போர்ட் வரிசையில் நாங்கள்தான் கடைசி. கலேக்குப் போகிறவர்களுக்கு டோவரிலேயே பிரெஞ்சுச் சோதனை முடிந்துவிடும். போர்ட்ஸ்மத் வழியாகப் போனால் அக்கரையில்தான். சுங்க அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொன்னார். அதற்குள் நான் உள்ளே இடம் ஒதுக்கித் தூக்கை வைத்திருந்தேன். வெள்ளையாக, நுரைத்துக்கொண்டு, புளிப்பு வாடையோடு இருப்பதைப் பார்த்து "பாலா?" என்றார். அரிசி, பருப்பு என்றேன். நம்பாமல் குனிந்து மோந்தார். மூக்கைச் சுருக்கினார். போகலாம் என்று கையைக் காட்டிவிட்டார்.

அன்றிலிருந்து கான் இரவுக் கப்பல் எங்களுக்கு இட்லி மாவுக் கப்பல். அரைத்த உடனே கிளம்ப வேண்டும், கப்பலில் வெளியே வைத்துப் புளிக்கவிட வேண்டும், கரையேறியதும் பெட்டிக்குள் 3 டிகிரியில் அமர்த்த வேண்டும். இங்கேதான் பெட்டியின் அருமை. மாவு பொங்குவதை எந்த இடத்தில் நிறுத்தினோமோ அந்த இடத்திலேயே பிடித்துவைக்கிறது. ஐந்தாம் நாள் தோசையிலும் புளிப்பு ஏறவில்லை. 2024இல் பேராசைப்பட்டு ஸ்பெயினுக்கு, சாந்தாந்தேர் கப்பலில் போனோம். அது ஒரு நாளுக்கும் மேலான பயணம். மாவு பொங்கி, வழிந்து, இறங்கி, புளித்த மோராகி, தரைவிரிப்பில் இன்னும் அந்த வாடை இருக்கிறது. மலை அழகு, போத்தெஸ் ஊர் அழகு. மாவுக்கு அது உதவாத கப்பல்.

ஆக, பெட்டியைப் பற்றி எனக்குக் குறையே இல்லை. குறையெல்லாம் அந்த ஒரு ஜாண் பிளாஸ்டிக்கில். போன கோடை தெற்கு பிரான்ஸின் ஆர்தேஷ் பகுதிக்குப் போனோம். வல்லோன் போந்தார்க்கில் ஆற்றுக்கு மேல் பாறை தானாக வளைந்து பாலம் போல நிற்கும், அதன் அடியில் கனூ விடலாம். வெயில் 38 டிகிரி. கானிலிருந்து இரண்டு நாள் ஓட்டம். இரண்டாம் நாள் மத்தியானம் டிக்கியிலிருந்து பிளாஸ்டிக் கருகும் வாடை. பிளக்கைத் தொட்டேன், விரல் சுட்டது. முனை உருகிச் சாக்கெட்டோடு ஒட்டியிருந்தது. சாக்கெட்டில் சரியாக உட்காராத முனை கரண்ட் போகப் போகச் சூடேறும், சூடேற ஏற இன்னும் மோசமாக உட்காரும். குறட்டால் பிடித்து இழுத்ததில் பாதி கையோடு வந்தது, மீதி உள்ளேயே நின்றுவிட்டது. கம்பெனிக்கு எழுதினேன். பிளக் மட்டும் தருவதில்லை, முழு வயராக 38 பவுண்டு, வாரண்டி முடிந்துவிட்டது என்று பதில். அதே ஒல்லி வயர், அதே பிளக். வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

கேம்ப்சைட்டில் நல்லவேளையாக வீட்டுக் கரண்ட் இணைப்பு எடுத்திருந்தோம். (நீல நிறப் பெரிய பிளக்குக்கு மாறும் அடாப்டரும் 25 மீட்டர் வயரும் மறக்காதே. அதோடு, பல இடங்களில் 6 ஆம்பியர்தான் தருவார்கள், அதாவது சுமார் 1,400 வாட். பெட்டிக்கு அது தாராளம். நம் வீட்டு மின்சாரக் கெட்டிலைச் சொருகினால் மொத்தமும் போய்விடும். எங்களுக்கு இரவு பத்தரைக்குப் போய், மறுநாள் ஆபீஸ் திறக்கும்வரை வரவில்லை. அன்றும் மாவு தப்பித்தது, மூடி அவ்வளவு இறுக்கம்.)

திரும்பும்போது முன்பெல்லாம் பெட்டி நிறைய சீஸ் வாங்கி வருவோம். 2025 ஏப்ரல் 12இலிருந்து அதற்கும் பிரிட்டன் தடை போட்டுவிட்டது, பால் பொருட்களும் மாடு, ஆடு, பன்றி இறைச்சியும் வரக் கூடாது. போன தடவை பெட்டியில் மகனின் ஈர ஷூவை வைத்துக்கொண்டு வந்தோம். 289 பவுண்டு ஷூ அலமாரி.

இப்போது எலக்ட்ரீஷியன் பேட்டரியிலிருந்து டிக்கி வரை தடிமனான வயர் இழுத்து, பேட்டரி பக்கத்திலேயே ஃபியூஸ் போட்டு, திருகிப் பூட்டும் சாக்கெட் வைத்துக் கொடுத்திருக்கிறார். இன்ஜினை அணைத்துவிட்டுப் பார்த்தேன், பேட்டரியில் 12.5, பெட்டியின் திரையில் 12.3. முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை. பெட்டி செய்தவர்கள் இன்னும் பத்துப் பவுண்டு கூட்டி நல்ல வயர் கொடுத்திருந்தால் நான் செய்ய வேண்டியே வந்திருக்காது. ஆகவே தோழி, 199 என்று பார்க்காதே, 339 என்று பார். அந்த விலைக்கு வாங்காதே. வேறு கம்பெனியில் தடி வயரோடு வருகிறதா என்று விசாரி. ஐஸ் கட்டி வைத்த சாதா பெட்டியே போதும் என்றுகூடச் சொல்வேன்.

ஆனால் ஜூலை 18 இரவு கான் கப்பலுக்கு நாங்கள் டிக்கெட் எடுத்தாயிற்று. பெட்டி இப்போது டிக்கியில் ஓடிக்கொண்டிருக்கிறது, சும்மா சோதனைக்கு. எச் நிலையில் வைக்க வேண்டும் என்கிறார் இவர். எம்மில் வைத்திருக்கிறேன்.