ஷூட்டிங்குக்கு பழைய கார் எடுத்துக் குடுக்குற சர்வீஸ், என் அனுபவம்

அப்பாவோட மார்க் 2 அம்பாசடர சென்னையில ஒரு சர்வீஸ் மூலமா ரெண்டு நாள் ஷூட்டிங்குக்கு குடுத்தேன், 5க்கு 3 ஸ்டார். வாடகை சொன்ன தேதியில வந்துச்சு, லாரியில ஏத்திட்டுப் போய் அதுலயே கொண்டுவந்து விட்டாங்க, அதுல குறையே இல்ல. ஆனா ஸ்பாட்ல வண்டிய யாரு தொடலாம்னு ஒரு கட்டுப்பாடும் கிடையாது, கோவத்துல போற சீனாம், டேக் மேல டேக் கதவ அறைஞ்சு சாத்துறாங்க, எனக்கு நெஞ்சு பதறிடுச்சு, பானட்ல ஏறி உக்காரச் சொன்னப்போ நானே போய் நிறுத்திட்டேன்.

எங்க பழைய கார் குரூப்ல பாதி பேரு சினிமாவுக்கு வண்டியே தரக்கூடாதுங்கறாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. நாம தரலன்னா 1965ல நடக்குற கதையில 1990கள்ல வந்த, இசுசு இன்ஜின் வெச்ச அம்பாசடர கொண்டுவந்து நிறுத்திடுவாங்க, மார்க் 2வோட கட்டம் போட்ட கிரில்லும் ஸ்டியரிங் கிட்ட இருக்குற கியரும் எங்க, அது எங்க! ஆனா 2014லயே அம்பாசடர் செஞ்சுட்டிருந்த உத்தர்பாரா ஃபேக்டரி நின்னுபோச்சு, கதவு நசுங்குனா எங்க போய்த் தேடுறது? உங்க ஆள் ஒருத்தர் வண்டி பக்கத்துலயே இருப்பார்னு எழுதி வாங்கிட்டு அப்புறம் சாவிய குடுங்க.