ஐந்து வருட ஜியோஜீப்ராவும் ஒரு பை புளியங்கொட்டையும்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஞாயிறு சாயங்காலம் கணக்கு பேசுவோம். வகுப்பு என்று சொன்னால் ஒருத்தரும் படியேற மாட்டார்கள். வருகிறவர்கள் எல்லாம் பள்ளிக்கூடத்தை விட்டு நாற்பது வருடம் ஆனவர்கள்: மளிகைக் கடைக்காரர், ஓய்வு பெற்ற தபால்காரர், எதிர்வீட்டுப் பெரியம்மா, தேவனாம்பட்டினத்திலிருந்து சைக்கிளில் வரும் ஒரு பெரியவர், இன்னும் சிலர். இவர்களுக்குப் படம் போட்டுக் காட்டத்தான் ஐந்து வருடமாக ஜியோஜீப்ரா வைத்திருக்கிறேன்.

ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில் மார்க்கஸ் ஹோகன்வார்ட்டர் 2001-ல் தொடங்கிய, கணக்குப் படம் வரையும் மென்பொருள் இது. வியாபாரத்துக்கு இல்லையென்றால் காசு கிடையாது. நான் பயன்படுத்துவது கிளாசிக் 5 என்ற பதிப்பு. பழைய லேப்டாப்பிலும் ஓடும், இன்டர்நெட் வேண்டாம். மாடியில் சிக்னல் கிடைக்கும் லட்சணத்துக்கு இதுவே பெரிய உபகாரம்.

இதன் உயிர் ஸ்லைடரில், அதாவது மவுஸால் இழுத்து ஒரு எண்ணைக் கூட்டிக் குறைக்கும் பட்டையில், இருக்கிறது. வட்டத்தின் பரப்புக்கு ஏன் பை ஆர் ஸ்கொயர் என்று கேட்டார்கள். வட்டத்தை எட்டுத் துண்டாக்கி, ஒன்றைத் தலைகீழாகவும் அடுத்ததை நேராகவும் அடுக்கிக் காட்டினேன். "இது எங்கப்பா செவ்வகம்? மேல கீழ அலை அலையா இருக்கே" என்றார் பெரியம்மா. நாற்பது வருடம் கோலம் போட்ட கண். காகிதத்தில் வெட்டியிருந்தால் அங்கேயே மாட்டியிருப்பேன். ஸ்லைடரை அவர் கையிலேயே கொடுத்தேன். துண்டுகளை 16, 32, 64 என்று தள்ளத் தள்ள அலை படுத்துக்கொண்டே வந்தது. நீளம் பாதிச் சுற்றளவு, உயரம் ஆரம், பெருக்கினால் பரப்பு. அதை நான் சொல்லவே இல்லை, தபால்காரர் சொன்னார்.

முதல் தடவை காட்டியபோது ஒரு கூத்தும் நடந்தது. புது ஸ்லைடர் -5 முதல் 5 வரை, 0.1 அளவில் நகர்வதாகத்தான் வரும். எல்லையை மாற்றிய நான் நகரும் அளவை 1 ஆக்க மறந்துவிட்டேன். 8.3-ல் நின்றதும் வட்டத்தில் 13 டிகிரிக்கு ஒரு சந்து. "ஒரு துண்டை யாரோ தின்னுட்டாங்க" என்று சிரிப்பு. ஆனால் அதற்கப்புறம்தான் துண்டு ஏன் முழு எண்ணாக இருக்க வேண்டும் என்ற பேச்சே வந்தது.

வாய்ப்புக் கணக்கில் மட்டும் இந்த மென்பொருள் எனக்கு உதவவில்லை. 2011 தானே புயல், 2015 வெள்ளம் என்று பார்த்த ஊர். "நூறு வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற மழைன்னாங்களே, அப்ப இனிமே என் பேரன் காலத்துலதானா?" என்று கேட்டார் தேவனாம்பட்டினத்துப் பெரியவர். அதன் அர்த்தம், ஒவ்வொரு வருடமும் நூற்றில் ஒரு வாய்ப்பு. போன வருடம் வந்ததா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. எத்தனை வருடத்துக்குள் ஒரு தடவையாவது அந்த மழை வர எவ்வளவு வாய்ப்பு என்று அழகான வளைகோடு வரைந்து காட்டினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். அடுத்த வாரம் அதே கேள்வி. கம்ப்யூட்டரே குலுக்கி எடுப்பதாகக் காட்டினால், "அது உங்க கம்ப்யூட்டர் சொல்லுது தம்பி."

சரி என்று நூறு புளியங்கொட்டையைத் துணிப்பையில் போட்டேன். தாயம் விளையாடத் தேய்ப்பதுபோல் ஒன்றை மட்டும் திண்ணையில் தேய்த்து வெள்ளையாக்கினேன். ஒரு கொட்டை எடு, பார், திருப்பிப் போடு, குலுக்கு. இப்படி முப்பது தடவை. ஒரு தடவை என்பது ஒரு வருடம், வெள்ளை வந்தால் அந்த மழை. ஒரு வீட்டில் குடியிருக்கும் காலம் என்று வைத்துக்கொள்ளலாம். எட்டுப் பேர் எடுத்ததில் இரண்டு பேருக்கு வெள்ளை வந்தது. கணக்குப்படி முப்பது தடவையில் ஒரு தடவையாவது வெள்ளை வர 26 சதவீதம் வாய்ப்பு. அப்புறம் அதே வளைகோட்டைத் திறந்தபோது யாரும் தலையாட்டவில்லை, எழுந்து கிட்டே வந்தார்கள். பெரியவர் கோட்டில் விரல் வைத்து நகர்த்தி, பாதி எங்கே என்று தேடினார்: 69-வது வருடம். நூறில் போய் நின்றும் 63 சதவீதம்தான் என்றதும், "அப்ப நூறு வருஷம் காத்திருந்தாலும் வராமப் போகலாம்" என்றார்.

ஆகவே என் சிபாரிசு: துண்டு கூடக் கூட அலை படுத்ததுபோல் ஓர் எல்லையை நோக்கி நகரும் விஷயம் எதுவானாலும் ஜியோஜீப்ராவைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம், மவுஸ் மட்டும் உங்கள் கையில் இருக்கக் கூடாது. வாய்ப்பு என்றால் முதலில் கொட்டை, பிறகு திரை. செல்போனில் ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வேண்டாம். விரல் ஸ்லைடரைப் பிடிப்பதற்குள் படம் நகர்ந்துவிடுகிறது.

கொட்டையிலும் ஒரு குறை உண்டு. மூன்றாவது வாரமே பெரியவர் தொடர்ந்து நாலு தடவை வெள்ளையை எடுத்தார். தேய்த்த பக்கம் தட்டையாக இருக்குமே, தாயம் ஆடிய விரலுக்குத் தெரியாதா? இப்போது தேய்ப்பதில்லை. பெரியம்மா வீட்டு நெயில் பாலிஷில் ஒரு பொட்டு.