குருசடைத் தீவு என்று சொல்லி வடகடலில் ஏற்றுகிறார்கள்: 9,600 ரூபாய் போச்சு, உஷார்

நடந்தது நேற்றுக் காலை. கோபம் ஆறட்டும், அப்புறம் எழுது என்கிறார்கள் வீட்டில். அது ஆறுவதற்குள் வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நாலு குடும்பம் பணம் கட்டிவிடும். அதனால் இப்போதே எழுதுகிறேன். இந்த ராமேஸ்வரம் பக்கம் தீவுப் படகுக்குப் பதிவு செய்யும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று கடைசியில் முழுசாகச் சொல்கிறேன்.

அக்கா குடும்பம், ஆறு பேர். தலைக்கு 1,600. மொத்தம் 9,600 ரூபாய். பணம் போட்டது நான். "வனக்காவலர் கூடவே வருவார், குருசடைத் தீவில் இறங்கி ஒரு மணி நேரம், பவளப்பாறை, அனுமதிக் கட்டணம் எல்லாம் சேர்த்து" என்று விளம்பரம். கடை, அலுவலகம் எதுவும் கிடையாது, வாட்ஸ்அப்பிலேயே சுற்றுலா ஏற்பாடு செய்கிற கூட்டம். பெயர் போட்டுப் பயனில்லை. அடுத்த வாரம் வேறு பெயரில் வருவார்கள், ஆனால் செய்கிற வேலை இதே வேலையாகத்தான் இருக்கும்.

இடம் தெரியாதவர்கள்தான் மாட்டுகிறார்கள், அதனால் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986-ல் அறிவிக்கப்பட்டது. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில் குருசடை உட்பட 21 தீவுகள். அதில் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி இரண்டும் கடலுக்குள் மூழ்கியே போய்விட்டன, இருந்தாலும் கணக்கு 21 என்றுதான் சொல்வார்கள். இவை அத்தனையும் இருப்பது தென்கடலில், அதாவது மன்னார் வளைகுடாப் பக்கம். வடகடலில், அதாவது பாக் ஜலசந்திப் பக்கம், இந்தப் பூங்காவின் தீவு ஒன்றுகூடக் கிடையாது. இந்த ஒரு வரியை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

குருசடைக்கு வனத்துறைப் படகு கிளம்புவது குந்துக்காலில். பாம்பனின் தென்மேற்கு ஓரம், 1897-ல் விவேகானந்தர் வந்து இறங்கிய கரை, அவர் மணிமண்டபம் அங்கேதான் இருக்கிறது. துறையில் நின்றாலே தீவு எதிரே தெரியும். படகு கிளம்பினால் பாம்பன் பாலம் முதுகுப் பக்கம், வடக்கே போய்விடும். பாலம் கண்ணுக்கு முன்னால் நின்றால் நீங்கள் தீவுக்குப் போகவில்லை என்று அர்த்தம்.

இவ்வளவும் தெரிந்த நான் ஏன் பணம் போட்டேன் என்றால், அந்த வாட்ஸ்அப் ஆளிடம் கேட்டதே அதைத்தான். "எந்தத் துறையிலிருந்து ஏத்துவீங்க?" யோசிக்காமல் பதில் வந்தது: "குந்துக்கால் சார், மணிமண்டபத்துக்குப் பக்கத்துல. ஆதார் அட்டை மட்டும் கையில வச்சிக்கச் சொல்லுங்க." சரியான பதில். கூடவே பச்சை முத்திரை போட்ட அனுமதிக் கடிதம் என்று ஒரு படம். அதில் வனச்சரகத்தின் பெயர் இருந்தது, பயணிகள் பெயர் இருந்தது. கடிதத்துக்கு எண் இல்லை என்பதை நேற்று ராத்திரிதான் பார்த்தேன். 9,600 போனது ஒரு தனி ஆளின் பெயரில் இருந்த யுபிஐ கணக்குக்கு. அதையும் அந்த நேரத்தில் கண்டுகொள்ளவில்லை.

காலை 6.40-க்குச் செய்தி: "தென்கடல்ல காத்து ஜாஸ்தி, படகு வடக்குப் பக்கம் நிக்குது, அங்க வந்துருங்க." ஆடி மாசம், கச்சான் காற்று அடிக்கிற நேரம். தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் குளம் மாதிரி கிடக்கும். அதனால் கேட்பவருக்கு நியாயமாகத்தான் படும். ஆனால் காற்று பலமாக இருந்தால் வனத்துறை அன்றைய பயணத்தை நிறுத்தும், அவ்வளவுதான். தேசியப் பூங்காவை எடுத்துக்கொண்டு போய் மறுபக்கக் கடலில் வைக்க முடியாது. வடக்குக் கரையில் ஏறிக் குருசடைக்குப் போவதென்றால் பாம்பன் கால்வாயில் பாலத்துக்கு அடியில் புகுந்து, எந்தக் காற்றுக்குப் பயந்தார்களோ அதே தென்கடலுக்குத்தான் வர வேண்டும். அக்காவுக்கு இது தெரியாது, கோயம்புத்தூர்க்காரர்கள்.

படகு, மீன் பிடிக்கிற ஃபைபர் வள்ளம், வெளிப்பொருத்து இயந்திரம் ஒன்று. ஆறு பேருக்கு லைஃப் ஜாக்கெட் நாலு. அக்கா மகள் படம் எடுத்து அனுப்பியிருக்கிறாள்: இடுப்புக் கொக்கி உடைந்து, அந்த இடத்தில் வலைக் கயிற்றால் முடிச்சு. தோள்பட்டையில் விரல் வைத்து அழுத்திய பள்ளம் அப்படியே நிற்கிறது. உள்ளே இருக்கும் நுரைப்பலகை செத்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். அழுத்தினால் மேலெழும்ப வேண்டும். எழும்பாத ஜாக்கெட் ஆளை மிதக்க வைக்கும் என்று நம்ப முடியாது. எட்டு வயதுப் பையனுக்குப் பெரியவர் அளவு ஜாக்கெட், காலிடுக்கில் போடும் பட்டை இல்லாமல். தண்ணீரில் விழுந்தால் ஜாக்கெட் மேலே போகும், பிள்ளை கீழே நழுவும். இதை நினைத்தால் 9,600 போனது பெரிதாகவே தெரியவில்லை.

வனக்காவலர் யாரும் வரவில்லை. பாலத்துக்கு வடக்கே நாற்பது நிமிடம் சுற்றிவிட்டு, தூரத்தில் தெரிந்த கரையைக் காட்டி "அதான் தீவு, இறங்க அனுமதி இல்ல" என்று சொல்லித் திருப்பிவிட்டார்கள். ஒரு வகையில் எங்கேயும் இறக்காததே நல்லது. அனுமதி இல்லாமல் பூங்காத் தீவில் கால் வைத்தால் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், பயணியும்தான் பதில் சொல்ல வேண்டும்.

அதைவிடக் கொடுமை, இறங்கும்போது ஒரு பையன் மான்கொம்புப் பவளத் துண்டு ஒன்றை நூறு ரூபாய்க்கு நீட்டியிருக்கிறான். செத்துச் சுண்ணாம்பாக வெளுத்த துண்டு, உள்ளங்கை நீளம். செத்ததுதானே என்று வாங்கிவிடாதீர்கள். பவளம் அதே சட்டத்தின் அட்டவணை 1-ல் இருக்கிறது, புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு. கடல் அட்டை, கடல் குதிரைக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு. பையில் வைத்துக்கொண்டு சோதனையில் பிடிபட்டால் மாட்டுவது வாங்கியவர். நல்ல வேளை, அக்கா வாங்கவில்லை.

அப்புறம் ஆரம்பித்தது தட்டிக்கழிப்பு. "கடல் சரியில்லன்னா நாங்க என்ன சார் பண்றது?" அடுத்த அழைப்பில், "படகுக்காரர்கிட்டப் பேசிக்கங்க." படகுக்காரர் பாவம், நேராகச் சொன்னார்: "ஒரு நடைக்கு 1,500 தாண்ணே குடுத்தாங்க. தீவுன்னு எங்கிட்ட யாரும் சொல்லல." அப்படியானால் மீதி 8,100 எங்கே? "அனுமதிக் கட்டணம் கட்டியாச்சு சார், அது திரும்ப வராது." ரசீது கேட்டேன். தேதி இருக்கும் மூலையை வெட்டிவிட்டு ஒரு படம் வந்தது. "டென்ஷன் ஆகாதீங்க, அடுத்த தடவை பத்து சதவீதம் குறைச்சுக்கறோம்." ராத்திரி ஒன்பதுக்கு மேல் அந்த எண்ணின் முகப்புப் படமே காணோம்.

எல்லாம் விரிவாகச் சொல்கிறேன் என்றேன். சைபர் குற்றப் புகாருக்கு உட்கார வேண்டியிருக்கிறது, அவசரத்துக்கு இவ்வளவுதான்:

குந்துக்காலைத் தவிர வேறு எங்கே ஏறச் சொன்னாலும் குருசடைப் பயணம் அல்ல, திரும்பிவிடுங்கள். ஆடியிலும் ஆவணியிலும் தேதிக்கு உத்தரவாதம் கொடுக்கிறவனை நம்பாதீர்கள், காற்று எந்தக் காலையிலும் படகை நிறுத்தும். வனத்துறைக் கட்டணத்தைத் தனி ஆள் கணக்கில் போடாதீர்கள். ஜாக்கெட்டை அழுத்திப் பார்க்காமல் பிள்ளைகளை ஏற்றாதீர்கள்.

ஏமாந்துவிட்டால் உடனே சைபர் குற்றப் புகார் எண் 1930-க்கு அழைத்து, பரிவர்த்தனை எண்ணைக் கொடுங்கள். அடுத்த நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் பணம் அடுத்த கணக்குக்குப் போயிருக்கும். நான் நேற்று மதியம்வரை அவர்களிடம் பேசியே நேரத்தைக் கடத்திவிட்டேன். 9,600 ரூபாய். புகார் எண் வந்திருக்கிறது, வங்கியிலிருந்து இன்னும் பதில் இல்லை.