பார்பியே பலகை, பிரெய்ல் சிலேட்டு, ஹால் பொறி: எழுத எது தோது?

பார்வையற்றவர்கள் விரலால் தடவிப் படிக்கும் மேடான புள்ளி எழுத்தைத் தாளில் எழுத எந்தக் கருவி தோது என்று பார்க்க, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த சார்ல் பார்பியேயின் பலகையிலிருந்துதான் தொடங்க வேண்டும். வரிவரியாகப் பள்ளம் ஓடும் பலகை, மேலே நகர்த்தி வைக்க ஜன்னல் சட்டம், குத்த ஒரு ஊசி. கருவியில் குறையில்லை, எழுத்துமுறைதான் பாரம். ஒரு குறிக்கு 12 புள்ளி வரை போகும், விரல்நுனிக்குள் அடங்காது. பாரிஸ் பார்வையற்றோர் பள்ளி மாணவர் லூயி பிரெய்ல் அதை ஆறு புள்ளியாகச் சுருக்கி 1829-இல் வெளியிட்டார். பலகையை விடவில்லை, தன் ஆறு புள்ளிக்கு ஏற்ப மாற்றிக்கொண்டார். ஜன்னல் சட்டமுள்ள பிரெய்ல் சிலேட்டும், குத்தும் ஊசியான ஸ்டைலஸும் அப்படி வந்தவைதான்.

சிலேட்டின் பலம் எளிமை. விலை குறைவு, பழுதாக ஒன்றுமில்லை, பின்னாளில் சட்டைப்பையில் அடங்கும் அளவிலும் வந்தது. கஷ்டம் என்னவென்றால், புள்ளி தாளின் மறுபக்கம்தான் எழும்பும். அதனால் வலமிருந்து இடமாக, ஒவ்வொரு எழுத்தையும் கண்ணாடி பிம்பமாகக் குத்த வேண்டும். ஆறு புள்ளிகளில் இடப்பக்கம் மேலிருந்து கீழாக 1, 2, 3; வலப்பக்கம் 4, 5, 6. தமிழ் பிரெய்லில் ‘இ’ என்றால் 2, 4 புள்ளிகள். ‘ஏ’ என்றால் 1, 5. ‘இ’யைப் படிக்கும் வாக்கிலேயே குத்திவிட்டால், தாளைத் திருப்பும்போது விரலில் தட்டுவது ‘ஏ’. எழுதியது சரியா என்று பார்க்கவும் தாளை உருவித் திருப்பியாக வேண்டும். பிஞ்சு விரல்களுக்கு இது பெரிய பாடு.

பார்வையுள்ளவர்களும் படிக்கட்டும் என்று, சாதாரண எழுத்துகளையே புள்ளிகளால் வரையும் முறையை பிரெய்ல் 1839-இல் வெளியிட்டார். அதை வேகப்படுத்த, பார்வையற்றவரான பியர் ஃபூக்கோ பத்து ஊசிகள் கொண்ட பொறி செய்தார். அருமையான வேலை, ஆனால் ஆறு புள்ளி பிரெய்ல் எழுத்தை எழுத அது உதவாது.

சிலேட்டுக்கு நிஜமான போட்டி 1892-இல்தான் வந்தது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலப் பார்வையற்றோர் பள்ளியை நடத்திய ஃபிராங்க் ஹால், ஆறு விசைகள் உள்ள பொறியைக் கொண்டுவந்தார். ஓர் எழுத்தின் எல்லாப் புள்ளிகளும் ஒரே அழுத்தத்தில் விழும். இடமிருந்து வலமாகப் போகும், எழுதிய கையோடு தடவியும் படிக்கலாம். அதற்கு அவர் காப்புரிமையும் கோரவில்லை. அந்த மனசுக்கே ஒரு கும்பிடு.

புதிதாகக் கற்கும் குழந்தைக்கும் பக்கம் பக்கமாக எழுதுபவருக்கும் நான் ஹால் பொறி போன்ற ஆறு விசைப் பொறியைத்தான் சொல்வேன். ஆனால் அது மேசையை விட்டு நகராது. வழியில் ஒருவர் சொல்லும் முகவரியைக் குறித்துக்கொள்ளவும், மருந்து டப்பாவில் ஒட்டப் பெயர் எழுதவும் சிலேட்டுதான் கைகொடுக்கும். இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் சிலேட்டை வாங்குங்கள்.