பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகம்: பீடோங் பக்கமிருந்து போகிறவர்களுக்கு

பீடோங், சுங்கை பட்டாணி வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளும் கோயில் குழுக்களும் பஸ் பிடித்துப் போகும் இடம் மலேசியாவின் கெடா மாநிலத்தில் மெர்போக்கிலுள்ள தொல்லியல் அருங்காட்சியகம். "வெறும் கல்லுதானே கிடக்கு" என்று உதட்டைப் பிதுக்கிக்கொண்டு திரும்புகிறவர்களும் உண்டு. தஞ்சாவூர் மாதிரி ஒரு கோபுரத்தை மனதில் வைத்துக்கொண்டு போனால் அப்படித்தான் ஆகும். இங்கே மிஞ்சியிருப்பது பழங்காலக் கோயில்களின் அடித்தளங்கள்தான். அடித்தளத்தை எப்படிப் பார்ப்பது என்று தெரிந்துகொண்டு போகிறவர்களுக்கு, மலேசியாவில் இதற்கு ஈடாக இன்னோர் இடத்தைச் சொல்வது கஷ்டம்.

பீடோங்கிலிருந்து செமலிங் வழியாக மெர்போக் போய், ஜெராய் மலையடிவாரத்துக்குத் திரும்ப வேண்டும். சொந்த வண்டி அல்லது வாடகை வேன்தான் வசதி. இடிஎஸ் மின்ரயிலில் சுங்கை பட்டாணி வந்து கிராப் செயலியில் வாடகைக் கார் எடுக்கலாம், ஆனால் திரும்பி வர வண்டி கிடைக்காமல் திண்டாட நேரும். போகும்போதே ஓட்டுநரிடம் திரும்பும் நேரத்தையும் பேசி வைத்துவிடுங்கள். கெடாவில் வார விடுமுறை வெள்ளி, சனி. வெள்ளி நண்பகலில் தொழுகை இடைவேளை வரும், அந்த நேரத்தில் போய் நிற்க வேண்டாம். சாப்பாட்டை பீடோங்கிலேயே முடித்துக்கொள்வது நல்லது.

காலை 9 மணிக்குத் திறந்ததும் நேராகக் காட்சிக்கூடத்துக்குள் நுழையாமல் வெளியே உள்ள சண்டிகளை, அதாவது பழைய கோயில் எச்சங்களை (மலாயில் candi), முதலில் பாருங்கள். பிற்பகலில் வெயிலோ இடிமழையோ பிடித்துக்கொள்ளும். மழை பெய்து ஓய்ந்தபின் பாசி பிடித்த கல்லில் சாதாரணச் செருப்பு நிற்காது, வழுக்கிவிடும். பிடிமானமுள்ள காலணியும் கொசு மருந்தும் கட்டாயம்.

நேரத்தை அதிகம் கொடுக்க வேண்டியது புக்கிட் பத்து பகாட் சண்டிக்கு. இது இருந்த இடத்திலேயே நிற்கிறது. பிரிட்டிஷ் ஆய்வாளர் குவாரிட்ச் வேல்ஸ் 1930களில் ஆய்வு செய்து 8ஆம் தளம் என்று எண் கொடுத்தார், 1960 வாக்கில் இன்னொரு பிரிட்டிஷ் ஆய்வாளர் அலஸ்டர் லேம்ப் கற்களை மீண்டும் அடுக்கி நிறுத்தினார். கருங்கல் மேடைதான் விமானம், அதாவது கருவறை இருந்த பகுதி, அதற்கு முன்னால் தாழ்ந்து கிடப்பது மண்டபம். தரையில் வட்டக் கற்கள் வரிசையாக இருக்கும், குனிந்து பார்த்தால் நடுவில் குழி தெரியும். மரத்தூண் நின்ற இடம் அது. கூரையும் தூணும் மரமாக இருந்ததால் இந்த ஊர் மழையில் மக்கிப் போயின, கல் மட்டும் தங்கியது. அந்தக் குழிகளை ஒன்றோடொன்று கோடு போட்டு இணைத்துப் பார்க்கச் சொன்னால் பிள்ளைகளே மண்டபத்தின் அளவைச் சொல்லிவிடுவார்கள். கல் மேல் ஏற மட்டும் விடாதீர்கள். கற்பூரம் ஏற்றுவது, விபூதி பூசுவது, குங்குமம் வைப்பது எதுவும் கூடாது. பக்தி இருந்தால் கைகூப்பினால் போதும்.

செங்கல்லும் செம்புரைக்கல்லும் கொண்ட மற்றச் சண்டிகள், பெங்காலான் பூஜாங், பெண்டாங் டாலாம் போன்றவை, வேறு இடங்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து இங்கே மறுபடி கட்டப்பட்டவை. ஆகவே அவை எந்தத் திசை பார்த்து நிற்கின்றன என்று ஆராய்ச்சியில் இறங்க வேண்டாம்.

பிறகு காட்சிக்கூடம். சிறியது, நாற்பது பிள்ளைகளை ஒரே நேரத்தில் விட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது. இரண்டு குழுவாகப் பிரித்து, ஒன்று உள்ளே இருக்கும்போது மற்றது வெளியே இருக்கட்டும். விளக்கங்கள் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருப்பதால், கூட்டிப் போகும் ஆசிரியர் ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பு தயாரித்துக் கொடுத்தால் பெரிய உதவி. தவறவிடக் கூடாதது, சண்டிக்கு அடியில் கிடைத்த கல் பேழை. நடுவில் ஒரு குழி, சுற்றி எட்டுக் குழிகள். மணிக்கற்களும் சிறு பொன் பொருள்களும் இட்டுப் புதைத்திருக்கிறார்கள். நம் கோயில்களில் கட்டுமானத்தின்போது அடியில் மணியும் பொன்னும் இட்டுப் புதைக்கும் கர்ப்பநியாசச் சடங்கைப் பார்த்தவர்களுக்கு உடனே விளங்கும். ஆவுடையார், சுடுமண் சிற்பத் துண்டுகள், சோங் காலச் சீனப் பீங்கான் சில்லுகள், மணிகள் எல்லாம் அருகருகே இருக்கும். பீங்கானை அவசரமாகக் கடந்து போய்விடாதீர்கள். கடாரம் (கெடாவின் பழைய பெயர்) எத்தனை நாட்டுக் கப்பல்கள் வந்துபோன துறைமுகம் என்பதற்கு அதுதான் சாட்சி. புத்தகுப்தன் என்ற கடலோடியின் கல்வெட்டைத் தேடினால் இங்கே கிடைக்காது, மூலம் கொல்கத்தாவில் இருக்கிறது.

பிள்ளைகளிடம் ஒன்றைத் திருத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ராஜேந்திர சோழன் 1025இல் கடாரத்தின் மீது படையெடுத்தது உண்மை, அவன் கல்வெட்டுகளிலுள்ள புகழ்ப்பாடலான மெய்க்கீர்த்தி சொல்கிறது. ஆனால் இந்தச் சண்டிகளை அவன் கட்டினான் என்று சொல்லும் கல்வெட்டு எதுவும் இங்கே கிடைக்கவில்லை. பள்ளத்தாக்கில் பௌத்தமும் இருந்தது, சைவமும் இருந்தது, அவன் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே. தமிழ்நாட்டின் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடத்தைக் கட்டியதே கடாரத்து அரசன்தான். போரை மட்டும் சொல்லி இரு கரைக்கும் இடையிலான இந்தக் கொடுக்கல் வாங்கலை விட்டுவிடுவது நியாயமில்லை.

2013இல் வீடமைப்புத் திட்டத்துக்காக நிலத்தைச் சமப்படுத்தியபோது 11ஆம் எண் சண்டி இடித்துத் தள்ளப்பட்டது. தோட்ட நிலம் கைமாறும் வட்டாரத்தில் இருக்கிறவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும். காட்டுக்குள்ளோ செம்பனை நடுவிலோ பழைய செங்கல் அடுக்கு தென்பட்டால் தோண்டாமல், எடுக்காமல், படம் பிடித்து அருங்காட்சியகத்துக்குத் தெரிவியுங்கள். 2005ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டம் பாதுகாப்புக்கு இருக்கிறது.

இங்கே இரண்டு மணி நேரம் போதும். மிச்ச நேரத்தைத் திரும்பும் வழியில் செமலிங் அருகே சுங்கை பத்து அகழாய்வுத் தளத்துக்கு ஒதுக்குங்கள். செம்பனைத் தோட்டமாக இருந்த நிலத்தில் 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் தோண்டியது. இரும்பு உருக்கிய உலைகளும், காற்று ஊதப் பயன்பட்ட களிமண் குழாய்கள் குவியல் குவியலாகவும் வெளிவந்தன. குழாயின் ஒரு முனை கருத்துக் கண்ணாடிபோல் உருகியிருப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், உலைக்குள் இருந்த முனை அது. நிழல் குறைவு, தொப்பியும் ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீரும் பஸ்ஸிலேயே வைத்திருங்கள்.