புதுக் கோழி வந்ததும் மருந்தா, தனிக்கூண்டா?

வாங்கி வந்த அன்றே ஆன்டிபயாடிக்கைத் தண்ணீரில் கலந்து கொடுத்துவிட்டு நேராகப் பழைய கோழிகளோடு விடுவது ஒரு வழி. 30 நாள் தனியாக வைத்துப் பார்த்து, இருக்கிற நோய்க்கு மட்டும் மருந்து கொடுப்பது இன்னொன்று. நான் இரண்டாவது பக்கம்தான்.

முதல் வழியில் வேலை குறைவு, சரி. ஆனால் மைக்கோபிளாஸ்மா மாதிரி மூச்சு நோய் இருந்தால் மருந்து தும்மலையும் சளியையும் அடக்கிவிடும், கிருமி உள்ளேயே இருக்கும், பார்க்க நன்றாக இருக்கிற அந்தக் கோழியே மற்றதுக்கெல்லாம் பரப்பிவிடும். வைரஸ் என்றால் ஆன்டிபயாடிக்கால் பிரயோஜனமே இல்லை.

தனிக்கூண்டில் பார்க்க நேரம் கிடைக்கிறது. ராத்திரி எல்லாம் அடங்கியபின் பக்கத்தில் நின்று கேளுங்கள், மூச்சில் கரகரப்பு இருந்தால் அப்போதுதான் காதில் விழும். கண் ஓரத்தில் நுரை இருக்கிறதா, வாலுக்குக் கீழே இறகை விலக்கினால் அடித்தண்டில் வெள்ளையாகக் கொத்துக்கொத்தாகப் பேன் முட்டை ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பேன் முட்டை இருந்தால் பேன் மருந்தை 7 முதல் 10 நாளில் மறுபடி போட வேண்டும், முட்டைக்குள் இருப்பது முதல் தடவையில் சாகாது. எச்சத்தில் ரத்தம் தெரிந்தால் காக்சிடியோசிஸாக (குடலைத் தாக்கும் ஒட்டுண்ணி நோய்) இருக்கலாம், அன்றைக்கே எச்சத்தோடு கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

அப்புறம், கூண்டு தனி, செருப்பும் தண்ணீர்ப் பாத்திரமும் ஒன்றே என்றால் பிரித்து வைத்ததே வீண். தினமும் பழைய கோழிகளை முதலில் கவனியுங்கள், புதுசைக் கடைசியில்.