சின்ன சூரை (டூனா மீன்) பிடிக்க போட் புக் பண்றவங்க, பணம் குடுக்குறதுக்கு முன்னாடி இத படிச்சிருங்க

மூணு மாசம் காத்திருந்து, சூரைக்குன்னே ஒரு ட்ரிப் புக் பண்ணி, அண்ணன் பையனையும் கூட்டிட்டு போய் வயித்தெரிச்சலோட திரும்பி வந்திருக்கேன். போட்காரர் பேரு போடல. நடந்தத மட்டும் சொல்றேன்.

புக் பண்றப்பவே தெளிவா சொன்னேன், காஸ்டிங் (தூண்டில வீசிப் பிடிக்கிறது) மட்டும் தான், ட்ரோலிங் (ஓடுற போட்டுக்குப் பின்னாடி லைன இழுத்துட்டுப் போறது) வேணாம்னு. "அதெல்லாம் பாத்துக்கலாம் சார், ராட், ரீல், ஐஸ் எல்லாமே போட்ல இருக்கு"ன்னு சொல்லி முழு பணத்தையும் முன்னாடியே வாங்கிட்டாரு.

கிளம்பி அரை மணி நேரம் கூட ஆகல, ஆலாப் பறவைங்க கூட்டமா தண்ணில குத்துது, கீழ நெத்திலிக் குஞ்சு சிதறி தெறிக்குது, உலை கொதிக்கிற மாதிரி இருக்கு கடல். இப்போ கூட்டம் எந்தப் பக்கம் நகருதுன்னு பார்த்து, சுத்தி முன்னாடி போய், காத்து வர்ற பக்கமா நின்னு, இன்ஜின அணைச்சு போட்ட மிதக்க விடணும், அங்கிருந்து தான் ஜிக்க (மீன் மாதிரி இருக்குற உலோக இரை) வீசணும். இவரு ஃபுல் ஸ்பீட்ல நேரா கூட்டத்துக்கு நடுவுலயே விட்டாரு. அடுத்த செகண்ட் எல்லாம் அடில போயிருச்சு. சொல்லிப் பார்த்தேன், கேக்கல, நாலு தடவ இதே கதை, அப்புறம் "மீன் மூடு சரியில்ல சார்"னு ட்ரோலிங் லைன எடுத்து விட்டாரு.

குடுத்த லூர் (செயற்கை இரை) எல்லாம் என் கை நீளம். மீன் தின்னுட்டு இருந்தது ரெண்டு இஞ்ச் குஞ்சு. லீடர் (இரைக்கு முன்னாடி கட்டுற துண்டு லைன்) வேற கம்பி, சூரைக்கு கண்ணு அவ்ளோ கூர்மை, பல்லும் சின்னது, அதுக்கு எதுக்குங்க கம்பி? நான் கொண்டு போன 20 கிராம் மெட்டல் ஜிக்க 20 பவுண்டு ஃப்ளூரோகார்பன் நரம்புல கட்டி வேகமா இழுத்ததுல தான் ரெண்டு கிடைச்சுது.

பையன் கையில இருந்தது அவங்க ரீல். மாட்டுன உடனே சர்ருனு லைன் ஓடணும் இல்லையா, ஓடல, ராட் வளைஞ்சுது, டப்புனு அறுந்துச்சு. வாங்கி டிராக்க (லைன் ஓடுறத கட்டுப்படுத்துற ரீல் பிரேக்) முழுசா லூஸ் பண்ணி கையால இழுத்துப் பார்த்தேன், ஸ்பூல் (லைன் சுத்தியிருக்குற உருளை) நின்னு நின்னு வெட்டி வெட்டி சுத்துது, கழட்டுனா உள்ள வெள்ளையா உப்பு பூத்து கிடக்கு. கழுவியே பல நாள் ஆகியிருக்கும். அவனுக்கு அது முதல் சூரை.

ஐஸும் இல்ல. பெட்டியத் திறந்தா காலி. ஈர சாக்கப் போட்டு மூடி வெயில்ல வச்சிட்டு, "நல்லா வேகவச்சா ஒண்ணும் ஆகாது"ங்கிறாரு. இது ரொம்ப தப்பு, தயவு செஞ்சு யாரும் நம்பாதீங்க. சூரைக்கு உடம்பு சூடே அதிகம், உடனே ரத்தம் வடிய விட்டு ஐஸ்ல போடலன்னா ஹிஸ்டமின்ங்கிற நச்சு உருவாகிரும், ஒரு தடவ உருவாகிட்டா சமைச்சாலும் போகாது, முகம் செவந்து தலைவலி, வாந்தின்னு படுக்க வச்சிரும். மனசே இல்லாம ரெண்டையும் தூக்கிப் போட்டேன்.

அதனால ஏறுறதுக்கு முன்னாடி, கரையிலயே ஒவ்வொரு ரீலோட டிராக்கையும் கையால இழுத்துப் பாருங்க, ஐஸ் பெட்டியத் திறந்து காட்டச் சொல்லுங்க, கூட்டத்த பார்த்தா போட்ட எப்படி கொண்டு போவீங்கன்னு ஓட்டுறவர் கிட்டயே கேளுங்க. பாதி பணத்துக்கு மேல முன்னாடி குடுக்காதீங்க. நான் பாதியாவது திருப்பித் தாங்கன்னு கேட்டு ரெண்டு வாரமாச்சு, இப்போ போன எடுக்குறதே இல்ல.